டார்க் ரூம் சாமான்களை வீட்டிலேயே செய்து பார்த்தேன்: எது தேறியது, எது தேறவில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டார்க் ரூம் என்றால், ஃபிலிமில் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படங்களைப் பேப்பரில் பிரிண்ட் போடும் இருட்டறை. காசு மிச்சமாகும் என்று நினைத்துத்தான் இதில் இறங்கினேன், மிச்சமாகவில்லை. ஒன்றரை வருடத்தில் பலகை, அக்ரிலிக், எல்.இ.டி. பட்டை, பசை, பெயிண்ட் என்று போன பணத்தைக் கூட்டிப் பார்த்தால், நல்ல நிலையில் உள்ள பழைய செட் ஒன்றையே முழுதாக வாங்கியிருக்கலாம். ஆனால் நான் செய்த பத்துப் பன்னிரண்டு சாமான்களில் சில, கடையில் வாங்குவதைவிட நன்றாகவே உழைக்கின்றன. சில உழைப்பது போல நடித்துக்கொண்டு, வெளிச்சம் பட்டால் கறுக்கும் போட்டோ பேப்பரைக் கெடுத்தன. எது எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அடுத்து இறங்குகிறவருக்கு ஒரு பெட்டி பேப்பராவது மிஞ்சும். இந்த வேலையில் திரும்பத் திரும்பக் காசு தின்பது பேப்பர்தான், மற்றதெல்லாம் ஒரு தடவைச் செலவு.

இடம், சென்னையில் எங்கள் வீட்டுப் பாத்ரூம். வெண்டிலேட்டருக்குக் கறுப்பு ரெக்ஸின் ஒட்டிய பிளைவுட் பலகை, கதவிடுக்குக்கு அம்மாவின் பழைய கம்பளி. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையை அடைத்துவிட்டால் மூச்சு முட்டும், அடைக்காவிட்டால் தெருவிளக்கு உள்ளே வரும். அதனால் அதன் முன்னால் உள்பக்கம் கறுப்படித்த ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் ஒன்றுக்கு எதிராக ஒன்றாக இரண்டு தடுப்பு. காற்று வளைந்து போகும், வெளிச்சத்துக்கு வளையத் தெரியாது. இதைச் செய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று, இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஒரு விஷயம், உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால்தான் ஓட்டைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். முதல் நிமிடத்தில் கும்மிருட்டாகத் தெரிந்த அறை, பத்தாவது நிமிடத்தில் சல்லடையாகத் தெரிந்தது.

இப்போது சேஃப்லைட், அதாவது பேப்பரைக் கெடுக்காமல் நாம் பார்த்து வேலை செய்ய உதவும் மங்கல் விளக்கு. அதிகமாக அடிபட்டது இதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரை ஒரு பழைய ஸ்டுடியோவிலிருந்து வாங்கினேன் (அந்தக் கதை பின்னால் வருகிறது). அங்கே இருந்த பெரியவர், "தம்பி, இதுக்கெல்லாம் எதுக்குக் காசு செலவு பண்றீங்க, மஞ்சள் பல்புல ஒரு கலர் பேப்பரைச் சுத்துங்க, போதும், நாங்க முப்பது வருஷம் அப்படித்தான் போட்டோம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் காலத்துப் புரோமைடு பேப்பருக்கு நீல வெளிச்சம் மட்டும்தான் உறைக்கும், மஞ்சள் பல்பின் கீழே அது பாட்டுக்குச் சமர்த்தாக இருக்கும். இன்றைக்கு நாம் வாங்கும் இல்ஃபோர்டு மல்டிகிரேடு போன்ற பேப்பருக்கு நீலத்தோடு பச்சையும் உறைக்கும். பச்சை வெளிச்சத்துக்கு மென்மையாகவும் நீலத்துக்குக் கடுமையாகவும் பதில் சொல்வதால்தான் ஒரே பேப்பரில் எல்லாக் கான்ட்ராஸ்ட்டும் (கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசம்) எடுக்க முடிகிறது. மஞ்சள் பல்பில் பச்சை தாராளமாக இருக்கிறது. அவர் பேச்சைக் கேட்டுப் போட்ட முதல் நான்கு பிரிண்டும் சாம்பல் பூசிக்கொண்டு வந்தன. பேப்பரில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பரைத்தான் திட்டினேன்.

அடுத்து, சாமி படத்துக்கு முன்னால் எரியுமே, அந்தச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. பார்வைக்கு ரத்தச் சிவப்பு. ஒரு பழைய சி.டி.யை எடுத்து அதன் பளபளப்புப் பக்கத்தில் அந்தப் பல்பின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் பாருங்கள், வானவில்லாகப் பிரித்துக் காட்டும். சிவப்புக்கு அடுத்து ஆரஞ்சும், மெல்லிசாக ஒரு பச்சைக் கீற்றும் தெரிந்தன. கண்ணாடிக்கு மேலே பூசிய பெயிண்ட்தானே, எவ்வளவு வடிகட்டும்?

கடைசியில் ரிச்சி தெருவில் 12 வோல்ட் சிவப்பு எல்.இ.டி. பட்டை வாங்கினேன். வெள்ளை எல்.இ.டி.க்குச் சிவப்பு உறை போட்டது வேண்டாம், பிறவியிலேயே சிவப்பாக எரிவதுதான் வேண்டும் என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை சொல்லி வாங்கினேன். சி.டி.யில் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. சரி, முடிந்தது என்று பட்டையை ரசாயன டிரேக்களுக்கு நேர்மேலே ஒட்டினேன். அப்புறம்தான் நாணயச் சோதனை செய்தேன், முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது.

பலர் சோதனையையே பாதியாகத்தான் செய்கிறார்கள். பேப்பரின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சேஃப்லைட்டில் ஐந்து நிமிடம் விட்டு, டெவலப் செய்து, நாணயத்தின் வட்டம் தெரியாவிட்டால் பத்திரம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெளிச்சமே படாத பேப்பர் கொஞ்சம் சேஃப்லைட்டைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே என்லார்ஜர் வெளிச்சம் பட்ட பேப்பர் அப்படித் தாங்காது, அதன் மேல் விழும் ஒவ்வொரு சொட்டும் கணக்கில் ஏறும். அதனால் முதலில் என்லார்ஜரில் பேப்பருக்கு லேசாக ஒரு சாம்பல் வரும் அளவுக்கு வெளிச்சம் கொடுத்துவிட்டு, பிறகு நாணயங்களை வரிசையாக வைத்து, அட்டையை நகர்த்தி நகர்த்தி 2, 4, 8 நிமிடம் என்று விட வேண்டும். என்னுடையதில் 4 நிமிடம் வரை ஒன்றுமில்லை, 8 நிமிடத்தில் நாணயம் நிலா மாதிரி வெள்ளையாக நின்றது. பட்டையைப் பிய்த்து, கூரையைப் பார்த்து எரியும்படி அலமாரியின் மேலே திருப்பி வைத்தேன். இப்போது 8 நிமிடத்திலும் வட்டம் இல்லை, அறையும் முன்னைவிடச் சீராகத் தெரிகிறது. மொத்தச் செலவு சில நூறு ரூபாய்தான், ஆனால் அதைச் சரியான இடத்தில் வைக்கக் கெடுத்த பேப்பரையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி என்லார்ஜர். செக் நாட்டு மியோப்டா ஓபெமுஸ், பழசு, இரும்புத் தூண் அசையாமல் நிற்கிறது. "லைட் எரியுது சார், பக்கா கண்டிஷன்" என்று சொல்லிக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் பல்பு ஹோல்டர் கருகிப்போயிருந்தது. ஸ்டுடியோ பேரெல்லாம் வேண்டாம், நான்தான் செருகிப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். கூடவே இலவசமாக ஒரு பெட்டி 'இந்து' பிராண்டு போட்டோ பேப்பர் கொடுத்தார்கள். நம் ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் பேப்பர், 1960-இல் தொடங்கி 67-இல் உற்பத்திக்கு வந்த ஆலை அது, இப்போது இல்லை. பெட்டியைத் திறந்து ஒரு தாளை வெளிச்சம் காட்டாமலே டெவலப் செய்தால் முழுக்கச் சாம்பல். வயதானால் யாருக்கும் அப்படித்தான். அந்தப் பேப்பருக்கு வேறு ஒரு வேலை கிடைத்தது, சொல்கிறேன்.

கருகிய ஹோல்டரை மாற்றி, தெருமுனைக் கடையில் 9 வாட் எல்.இ.டி. பல்பு வாங்கிப் போட்டேன். இதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள், நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் மூன்று. கண்டென்சர் (வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸ்) உள்ள என்லார்ஜர், பல்பின் நெற்றியில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதைக்கூட மங்கலாகக் கீழே கொண்டுவந்துவிடும். என் முதல் வான் படத்தில் மேகத்துக்கு நடுவே பல்பு கம்பெனியின் முத்திரை மிதந்தது. அதை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்துவிட்டேன். இரண்டாவது, சுவிட்சை அணைத்தாலும் பல்புக்குள் இருக்கும் மின்சுற்று கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டுத்தான் அணையும். பேப்பருக்கு 20 விநாடி வெளிச்சம் கொடுக்கும் எக்ஸ்போஷரில் அது தெரியாது, 3 விநாடி 3 விநாடியாகப் பிரித்துக் கொடுக்கும்போது கணக்கு உதைக்கும். மூன்றாவதுதான் விஷமம். எங்கள் சுவிட்ச் போர்டில் இண்டிகேட்டர் விளக்கு வைத்த சுவிட்ச். அணைத்த பிறகு அந்தச் சின்ன விளக்கு எரிவதற்காக நூலிழை மின்சாரம் பல்பு வழியாகவே போய்க்கொண்டிருக்கும், எல்.இ.டி. பல்புக்கு அந்த நூலிழையே போதும், பேய் மாதிரி லேசாக ஒளிர்ந்துகொண்டே இருக்கும். இருட்டில் பழகிய கண்ணுக்குத்தான் அது தெரியும். பேப்பரின் கண் எப்போதுமே இருட்டில் பழகியதுதான்.

அதனால் பல்பைத் தூக்கிவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே எரியும் ஆர்.ஜி.பி. எல்.இ.டி. பட்டையை வரிசை வரிசையாக ஒரு அலுமினியத் தகட்டில் ஒட்டி, அதற்குக் கீழே பால் நிற அக்ரிலிக் இரண்டு அடுக்கு, நடுவே உள்பக்கமெல்லாம் தெர்மாகோல் வைத்த ஒரு பெட்டி. தெர்மாகோல் என்றதும் சிரிக்காதீர்கள், பெரிய கம்பெனிகளின் கலர் ஹெட்டுகளிலும் (என்லார்ஜரின் விளக்குப் பகுதி) வெளிச்சத்தைக் கலக்கும் பெட்டிக்குள் வெள்ளை நுரைதான் இருக்கும், அதைவிடச் சீராக வெளிச்சத்தைச் சிதறடிக்கும் மலிவான பொருள் கிடையாது. கண்டென்சரைக் கழற்றிவிட்டேன். இந்த ஹெட்தான் நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது. பச்சையை மட்டும் எரித்தால் மென்மையான பிரிண்ட், நீலத்தை மட்டும் எரித்தால் கறுப்பும் வெளுப்புமாகக் கடுமையான பிரிண்ட், இரண்டையும் தனித்தனி நேரம் கொடுத்தால் நடுவில் எது வேண்டுமோ அது. கான்ட்ராஸ்ட்டை மாற்றும் பன்னிரண்டு ஃபில்டர் கொண்ட செட் வாங்க வேண்டிய தேவையே போய்விட்டது. பேப்பரை வைத்த பிறகு சிவப்பை எரித்து, படம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், சீக்கிரம் பார்த்துவிட்டு அணைத்தால் பேப்பருக்கு ஒன்றும் ஆகாது. கீறல் விழுந்த பழைய குடும்ப நெகட்டிவ்களில் கீறல் குறைவாகத் தெரிகிறது, பரவிய வெளிச்சம் என்பதால். குறை என்றால், முதல் தடவை மூலைகள் இருட்டடித்தன. நெகட்டிவ் இல்லாமல் வெறும் வெளிச்சத்தில் ஒரு முழுத்தாளை நடுச் சாம்பலுக்குப் போட்டுப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். பட்டையின் ஓர வரிசைகளை நெருக்கி ஒட்டியதும் சரியாயிற்று. இன்னொரு லாபம், ஈரக்கை படும் இடத்தில் 230 வோல்ட் இல்லை, எல்லாம் 12 வோல்ட்.

டைமர், அக்கா மகன் செய்து கொடுத்தது. இன்ஜினியரிங் படிக்கிறான், ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை வைத்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டான், எனக்குப் புரிந்ததெல்லாம் பட்டன்கள் மட்டும். 8, 11.3, 16, 22.6, 32 விநாடி என்று அரை ஸ்டாப் அரை ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது) ஏறும்படி கேட்டு வாங்கினேன். சரியான நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரே துண்டுப் பேப்பரில் பல நேரம் கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட் ஸ்டிரிப்பில் 5, 10, 15, 20 என்று போட்டால் முதல் இரண்டு பட்டைக்கு நடுவே மலையும் மடுவும், கடைசி இரண்டுக்கு நடுவே வித்தியாசமே தெரியாது. இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் ஒரே அளவு கறுக்கும். எண் காட்டும் சிவப்புத் திரைக்கு மேல் கூடுதலாக ஒரு சிவப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. டைமர் இல்லாதவர்கள் போனில் மெட்ரோனோம் (தாளம் தட்டும் செயலி) வைத்துச் சத்தத்தை எண்ணலாம், நானும் ஆறு மாதம் அப்படித்தான் ஓட்டினேன், ஆனால் போன் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்த போனுக்கு ஒரு நல்ல நேரத்தில் அழைப்பு வந்தால் முடிந்தது கதை.

டிரே. பிளாஸ்டிக் கடையில் செவ்வக டிரே எது கிடைத்தாலும் போதும், ஹோட்டலில் எச்சில் தட்டு அள்ளுவார்களே, அந்தச் சாம்பல் நிற டப்தான் எனக்குக் கழுவும் தொட்டி. தட்டையான அடிப்பக்கத்தோடு பிரிண்ட் ஒட்டிக்கொள்ளும், எடுக்க வராது, அதற்காகத்தான் போட்டோ டிரேயில் அடியில் வரிவரியாக மேடு இருக்கும். சிலிகான் சீலண்ட் வாங்கி நாமே நான்கைந்து கோடு இழுத்துவிட்டால் தீர்ந்தது. காயும்வரை வினிகர் நெடி அடிக்கும், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் புளித்த கரைசலான ஸ்டாப் பாத்துக்கு ஒத்திகை என்று வைத்துக்கொள்ளலாம். டெவலப்பருக்கு மட்டும் எவர்சில்வர் டிரே. டெவலப்பருக்குச் சொல்லப்படுவது 20 டிகிரி, சென்னைக் கோடையில் குழாயைத் திறந்தாலே 30-க்கு மேல். ஐஸ் போட்ட பெரிய டப்பில் எவர்சில்வர் டிரேயை மிதக்க விட்டால் சட்டென்று குளிரும், பிளாஸ்டிக் டிரேயில் அது நடக்காது. இந்த ஒரு விஷயத்தில் நம் வீட்டுப் பாத்திரம் கடையின் போட்டோ டிரேயைத் தோற்கடிக்கிறது.

டெவலப்பரும் வீட்டுச் சமையல்தான். கோடாக்கின் டி-72 ஃபார்முலா. லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், சோடியம் சல்ஃபைட் 45, ஹைட்ரோகுயினோன் 12, மோனோஹைட்ரேட் வகை சோடியம் கார்பனேட் 80, பொட்டாசியம் புரோமைடு 2, இதே வரிசையில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கரைய வேண்டும். மெட்டாலுக்கு முன்னால் சல்ஃபைட்டைக் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும், ஒரு சிட்டிகை போடலாம், அவ்வளவுதான். உபயோகிக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். நகைக்கடைத் தராசு ஒன்று வேண்டும், கையுறை கட்டாயம். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், எனக்குக் கிளப்பியது. பெயர் எழுதாத தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டு போடுங்கள்.

என்லார்ஜருக்குக் கீழே பேப்பரைத் தட்டையாகப் பிடித்து வைக்கும் ஈசல், நான் செய்ததில் ரொம்ப எளிமையானது. லேத் பட்டறையில் வெட்டி வாங்கிய 2 மி.மீ. இரும்புத் தகடு, மேட் கறுப்புப் பெயிண்ட், காந்த ரப்பர் பட்டைகள் நான்கு. எந்த அளவுப் பேப்பரும், எந்த அளவு வெள்ளை ஓரமும் வைக்கலாம், கத்தி போல நேராக வருகிறது. கறுப்பின் மேல் ஃபோகஸ் பார்க்க முடியாதே என்றால், அங்கேதான் அந்த ஊட்டிப் பேப்பர் வருகிறது. ஒரு தாளைத் திருப்பிப் போட்டு அதன் வெள்ளை முதுகில் ஃபோகஸ் செய்கிறேன், நான் பிரிண்ட் போடும் பேப்பரின் தடிமன்தான் அதற்கும்.

நெகட்டிவைப் பேப்பர் மேலேயே படிய வைத்து அதே அளவில் எடுக்கும் கான்டாக்ட் பிரிண்ட், அதன் ஃபிரேமுக்கு 6 மி.மீ. கண்ணாடி, கிழிந்த யோகா பாயில் ஒரு துண்டு, இரண்டு கீல். கண்ணாடியின் கனமே நெகட்டிவைப் படிய வைத்துவிடும், கடைக்காரரிடம் ஓரத்தை மழுக்கித் தரச் சொல்ல மறக்காதீர்கள். 8-க்கு 10 அங்குலப் பேப்பரில் 35 மி.மீ. ஃபிலிம் ஆறு துண்டு சேர்த்து வைத்தால் 21 செ.மீ. ஆகும், பேப்பர் 20.3-தான், ஓரத்துத் துளைகள் வெளியே போகும். அது ஃபிரேமின் குற்றம் இல்லை.

தேறாதவை இரண்டு. ஒன்று, கிரெய்ன் ஃபோகசர், அதாவது ஃபிலிமின் பொடிப்பொடிப் புள்ளிகளை (கிரெய்ன்) பெரிதாக்கிக் காட்டி ஃபோகஸ் பார்க்க உதவும் கருவி. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் மாட்டும் லென்ஸ், ஒரு துண்டுக் கண்ணாடி, மரக்கட்டை, இவ்வளவுதானே என்று நினைத்தேன். சாதாரணக் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம் இருப்பதால் கிரெய்ன் இரட்டையாகத் தெரியும். அதைவிட, கண்ணாடியிலிருந்து பேப்பருக்கு உள்ள தூரமும் கண்ணுக்கு வரும் பிம்பத்துக்கு உள்ள தூரமும் கொஞ்சமும் பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். மரக்கட்டையில் அது நடக்காது, அதுவும் மழைக்காலத்தில் ஊதும் மரக்கட்டையில். இரண்டு மாதப் பிரிண்ட்டுகள் ஏன் சொதசொதவென்று இருக்கின்றன என்று தெரியாமல், ஒரு பாவமும் அறியாத என்லார்ஜரின் எல்-நிக்கோர் லென்ஸைச் சந்தேகப்பட்டேன். பேட்டர்சன் கம்பெனியின் பழைய ஃபோகசர் ஒன்றை வாங்கியதும் அன்றைக்கே தெளிந்தது. இதை மட்டும் வாங்கிவிடுங்கள்.

இரண்டு, பிரிண்ட் வாஷர். அக்ரிலிக் தகடு வெட்டி, பிரிண்ட்டுகள் நிமிர்ந்து நிற்க இடையிடையே தடுப்பு வைத்து, அடியில் தண்ணீர் ஏறி மேலே வழியும் மாதிரி. வெட்டிக் கொடுத்த அண்ணன், "என்ன சார், மீன் தொட்டியா?" என்றார். குளோரோஃபார்ம் விட்டு ஒட்டிக் கொடுத்தார், ஒரு வாரத்தில் மூலையில் கசிந்தது, மறுபடி ஒட்டி, மறுபடி கசிந்து, இவ்வளவுக்கும் பிறகு யோசித்தால் நான் போடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. பேப்பர், அதற்கு ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போதும். எப்போதாவது அந்தப் பூச்சில்லாத ஃபைபர் பேப்பர் போட்டால்தான் நீண்ட கழுவல். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் ஒரு மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு உட்கார மனசும் வராது. இப்போது அந்தச் சாம்பல் டப்பில் ஐந்து நிமிடம் ஒரு கழுவல், பிறகு லிட்டருக்கு 20 கிராம் சல்ஃபைட் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம், அப்புறம் நான்கைந்து தடவை தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைக்கிறேன். வாஷர் மொட்டை மாடியில் இருக்கிறது. செலவு எவ்வளவு என்று வீட்டில் கேட்டார்கள், சொல்லவில்லை.

லென்ஸும் நெகட்டிவும் ஈசலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க விலையுயர்ந்த லேசர் கருவி விற்கிறார்கள். இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஒன்றின் நடுவில் ரசத்தைச் சுரண்டிச் சின்ன வட்டம் எடுத்து, லென்ஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கீழே பார்த்தபடி பிடிக்க வேண்டும், இன்னொன்று ஈசல் மேல். வட்டத்தின் வழியே மேலிருந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாகச் சுரங்கம் மாதிரி தெரியும். சுரங்கம் நேராக இறங்கினால் எல்லாம் சரி, ஒரு பக்கம் வளைந்தால் அந்தப் பக்கம் சாய்வு. என்னுடையது வளைந்தது, மடித்த விசிட்டிங் கார்டு ஒன்றைத் தூணுக்கு அடியில் செருகியதும் நேரானது. அந்தக் கார்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் மறைக்கும் டாட்ஜிங் குச்சிக்கு முதலில் தென்னை ஈர்க்குச்சியில் அட்டை வட்டம் ஒட்டினேன், டெவலப்பர் கை பட்டுப் பட்டு ஊறி வளைந்துவிட்டது. இப்போது சைக்கிள் ஸ்போக்ஸ், நுனியில் கறுப்பு அட்டை. கண்ணளவு, முகத்தளவு, வானத்தளவு என்று ஏழெட்டு வடிவம் ஆணியில் தொங்குகின்றன. ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் ஸ்போக்ஸின் நிழல் கோடாக விழும். பிரிண்ட்டின் தண்ணீரை வழிக்க கார் வைப்பர் பிளேடு, ஜி.பி. ரோட்டில் வாங்கியது, இதற்கென்றே விற்கும் ஸ்குவீஜியைவிட நன்றாக வழிக்கிறது. துணி கிளிப்பில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனால் காலையில் காய்ந்திருக்கும், பாத்ரூம் ஏழு மணிக்குள் காலியாகிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம்.